ஆடியில் வந்த கொத்தனார்கள்

எங்கள் ஊர் வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலை தெரிகிற தூரத்தில் இருக்கிறது. அங்கே ஆடி மாதத்தில் யாரும் வீட்டு வேலை தொடங்குவதில்லை, வாசல் நிலை வைப்பதில்லை, புது வீட்டுக்குக் குடி போவதில்லை. கேட்டால் சாஸ்திரம் என்பார்கள். நான் யோசித்தவரை, காரணம் விதைப்புப் பட்டம். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் எல்லாம் ஆடிப் பட்டத்தில்தான் மண்ணுக்குள் போக வேண்டும். ஒரு சித்தாள்கூடக் கிடைக்காத மாதத்தில் வீடு கட்டுவது எப்படி? ஆள் கிடைக்காததைத் தெய்வத்தின் தலையில் ஏற்றியது முன்னோரின் நாகரிகம்.

வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கும் விடுமுறை சரியாக அந்த மாதத்தில்தான் வருகிறது. பெருந்தொற்று முடிந்து விமானங்கள் பழையபடி பறக்கத் தொடங்கிய பிறகு, ஓர் ஆடியில் இந்த இரண்டு நாட்காட்டிகளும் எங்கள் தெருவில் மோதிக்கொண்டன. ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் வெளிநாட்டு அமைப்பு ஒன்று ஒரு வேன் நிறைய மாணவர்களை அனுப்பி வைத்தது. முறைக்குக் குறை வராமல், அமைப்பின் பெரம்பலூர் அலுவலர் வைகாசியிலேயே பூமி பூஜை போட்டு ஆனிக்குள் அஸ்திவாரத்தை முடித்திருந்தார். தொடங்கிய வேலை ஆடியில் தொடரலாம். நிலையும் குடிபுகுதலும் மட்டும் ஆகாது.

வீடு, எங்கள் தெருக்கோடியில் கணவனை இழந்து கூலிக்குப் போகும் ஒரு பெண்மணிக்கு. அவருடைய குடிசையின் பின்சுவர் முந்தின மழையில் சரிந்து, அங்கே தார்ப்பாய் தொங்கியது. மகளுக்கு ஐப்பசியில் தலைப்பிரசவம்.

"ஆவணிக்குள்ள பால் காய்ச்சிடணும் சார். அத வுட்டா புரட்டாசி ஆவாது, ஐப்பசியில மழை புடிச்சுக்கும். பச்சப்புள்ளய தார்ப்பாயிக்குக் கீழயா போடுறது?" என்றார் என்னிடம். தபால் வழியில் ஆங்கில இலக்கியம் படித்தவன் என்பதால் நான்தான் மொழிபெயர்ப்பாளன். இரண்டு பக்கத்துக் கோபத்தையும் வழியிலேயே விழுங்குவதுதான் அந்த உத்தியோகம்.

ஊரே மானாவாரிக் காட்டில் விதைத்துக்கொண்டிருக்க, விமானத்தில் வந்தவர்கள் செங்கல் சுமந்தார்கள். ஒருவர் எடுக்க, அடுத்தவர் வாங்க, மூன்றாமவர் படம் பிடிக்க, ஒரு கல் சுவரேறுவதற்குள் மூன்று கை மாறியது. அந்த அம்மாள் விதைப்புக் கூலியை விட்டுவிட்டு இவர்களுக்குக் கலவை தூக்கினார்.

"ஏக்கா, ஒன் வூட்டுக்கு ஒனக்கே சித்தாள் வேலையா?" என்று சுவர் கட்ட அமர்த்தியிருந்த உள்ளூர்க் கொத்தனார் கேலி செய்வார்.

"ஆமா, மேஸ்திரி வெள்ளக்காரன். நீ எடுபுடி. பேசாம கல்ல வையி!"

"அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள்?" என்று மாணவர்களின் தலைவியான நெட்டைப் பெண் கேட்டாள். உங்கள் உழைப்பைப் பாராட்டுகிறார்கள் என்று சொல்லி வைத்தேன்.

சிக்கல் கடைசி நாளில் வந்தது. ஆடி முடியுமுன் அவர்களுக்கு விமானம். நிலை வைக்க இடம் விட்டு நான்கு சுவரும் எழும்பிவிட்டன. மேலே கான்கிரீட் போட வேண்டியது அமைப்பின் பொறுப்பு. ஆனால் பயனாளி தம் வீட்டுக்குள் நிற்கும் படம் போய்ச் சேர்ந்தால்தான் கான்கிரீட்டுக்கு அனுமதி. அந்த அம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஒரு நிமிசங்க. படம் புடிச்சதும் வெளிய வந்துடலாம்" என்று அலுவலர் கெஞ்சினார்.

"ஆடியில உள்ள போயி நின்னு, எம் பொண்ணுக்கு ஒண்ணு ஆனா நீ வருவியா தம்பி, பெரம்பலூர்லேருந்து?"

வழி கண்டுபிடித்தவர் கொத்தனார். "குடி போகத்தான் கூடாது. வேலைக்குப் போகலாம்ல? நிலை வைக்கல, பால் காய்ச்சல. இது இன்னும் வூடே இல்லக்கா, சைட்டு. ஒரு மாசமா இதுக்குள்ளதான கலவை தூக்குற?"

அம்மாள் யோசித்தார். "அப்ப தலையில சட்டி இருக்கணும். சட்டியில கலவையும் இருக்கணும். வெறுஞ்சட்டியோட போனா வூட்டுக்காரி போன மாதிரி ஆயிடும்."

அவசரமாகக் கலவை குழைத்தார்கள். மாணவர்கள் பல் தெரியச் சுற்றி நிற்க, நடுவில் அவர் கலவைச் சட்டியோடு சிரிக்காமல் நின்றார். படம் எடுத்தாயிற்று. நெட்டைப் பெண் கண்கலங்கி அவரைக் கட்டிக்கொண்டாள். வேன் போய்விட்டது.

ஆவணி பிறந்து மின்னஞ்சல் வந்தது. வேலையாளின் படம் அருமை, வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டிருந்தார்கள். நான் ஆடியை விளக்கி நீண்ட பதில் எழுதினேன். பதில் வரவில்லை. முகூர்த்த நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. கடைசி முகூர்த்தத்துக்கு முன், நவதானியம் போட்டு நிலையை வைக்கச் சொல்லிவிட்டார் அம்மாள்.

"மேல ஒண்ணும் இல்லாம பால் காய்ச்சக் கூடாதுக்கா" என்றார் கொத்தனார்.

"சித்திரையில மாத்துன கீத்து எங்க குடிசை மேல சும்மாதான கெடக்கு? எறக்குடா!"

தெருவே சேர்ந்து பழைய குடிசையின் மூங்கிலையும் கீற்றையும் இறக்கிப் புதுச் சுவர்மேல் வேய்ந்தது. முகூர்த்தத்தில் பால் பொங்கியது. பட்டுப்புடவை கட்டி, இந்த முறை சிரித்துக்கொண்டு, அம்மாள் வீட்டுக்குள் நின்ற படத்தை அலுவலர் அனுப்பி வைத்தார்.

பதில் மறுநாளே வந்தது. உள்ளூர் மரபையும் சுற்றுச்சூழலையும் மதிக்கும் கூரை கண்டு அமைப்பு நெகிழ்ந்துபோனதாம். கான்கிரீட்டைக் கைவிட்ட வீட்டுக்காரரின் தொலைநோக்குக்குப் பாராட்டாம். பணி நிறைவுற்றதாம். அவர் எதையும் கைவிடவில்லை என்று மேலும் மூன்று கடிதங்கள் எழுதினேன். விடையாக வந்தது அவர்களின் ஆண்டு மலர். அட்டையில் அந்தக் கீற்றுக் கூரை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் மகளையும் பேரனையும் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் அழைத்து வந்தார்கள். நான் போனபோது சமையல் மூலையில் மட்டும் சொட்டியது, குழந்தை கிடந்த பக்கம் காய்ந்திருந்தது. அமைப்புக்கு இன்னொரு மெயில் போடட்டுமா என்று கேட்டேன்.

"போடுங்க சார், போடுங்க" என்றார் அம்மாள். குழந்தையின் பவுடர் டப்பாவை, மாணவர் யாரோ கொத்தனார் பிடித்த நூலுக்கு வெளியே சுவரில் துருத்தி வைத்திருந்த ஒரு செங்கல்மேல் வைத்தபடி, "மொதல்ல அந்தக் குண்டான எடுத்து சொட்டுற எடத்துல வையுங்க" என்றார்.