எண்ணா, எழுத்தா?

கோப்பு திறந்ததும் ஒவ்வொரு நெடுவரிசையின்மேலும் விரலை வைத்து, திரையிடமே கேட்பார்: "நீ எண்ணா, எழுத்தா? உண்மையைச் சொல்லு." வகை கேட்கும் கட்டளையைத் தட்டி, கணினி பதில் சொன்ன பிறகுதான் நாற்காலியில் சாய்வார்.

குடிநீர் ஆய்வு அலுவலகத்தின் புள்ளியியல் பிரிவில் 'அக்கா' என்றால் இவர்தான். கண்ணாடி கழுத்துக் கயிற்றில் தொங்கும், தேடுவதோ இழுப்பறையில். கடையில் தராசு முள் நடுவில் நிற்காமல் ஒரு தக்காளியையும் போடவிட மாட்டார்.

"குலம் கோத்திரம் விசாரிக்காம அக்கா ஒரு நம்பரையும் வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டாங்க" என்பார் பக்கத்து மேசைக்காரர்.

"மனுஷங்ககிட்ட கேட்டாத்தான் தப்பு. நம்பர்கிட்ட கேக்கலைன்னா குடி கெட்டுரும்."

கெட்டது. அவர் விடுப்பில் இருந்த வாரம், தொழிற்சாலைத் தெருக் கிணறுகளில் ஈயம் எவ்வளவு என்ற கணக்கை மேலாளரே அவசரமாகப் போட்டார். ஆய்வகத்தில் யாரோ ஒரு கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தார்கள். ஒரு சொல் கலந்தால் போதும்; கணினி அந்த நெடுவரிசை முழுவதையும் பெயர்ப் பட்டியலாக எடுத்துக்கொள்ளும். அதை வற்புறுத்தி எண்ணாக்கினால் அளவைத் தராது. பட்டியலில் எத்தனையாவது பெயர் என்பதைத் தரும். எண்பத்தைந்து என்ற ஈய அளவு, பட்டியலில் எட்டாவதாக இருந்ததால், எட்டானது. பத்தைத் தாண்டாதவரை பயமில்லை என்பது விதி. 'நல்ல தண்ணீர்' என்று அறிக்கை போய்விட்டது.

திரும்பி வந்தவர் அந்தக் கோப்பைத் திறந்து வழக்கம்போல் வகை கேட்டார். 'எழுத்து' என்றது கணினி. பதறிப்போய் மேலாளரிடம் ஓடினார்.

"அறிக்கை போயாச்சும்மா. இப்ப மாத்தினா என் தலை உருளும்."

"மாத்தலைன்னா கொழந்தைங்க தலை உருளும் சார்."

"அவ்வளவு அக்கறை இருக்கிறவங்க லீவு போட்டிருக்கக் கூடாது."

தலைமையகத்துக்கும் சொல்லிப் பார்த்தார். மூச்சே இல்லை. ஒரு நாற்காலியின் மானத்துக்காக ஒரு தெருவே நஞ்சு குடிக்கிறது. அதற்கு நிர்வாகம் என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவுக்கே போய் வீடு வீடாகச் சொன்னார். "ஆபீசே நல்ல தண்ணின்னு சொல்லிடுச்சு. நீங்க ஏம்மா வயித்துல புளியைக் கரைக்கிறீங்க?" என்று கதவைச் சாத்தினார்கள். கடைசி வீட்டில் ஒரு கர்ப்பிணி மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்கக்கா. எதுவானாலும் மொதல்ல குடிச்சிட்டுச் சொல்லுங்க."

கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பு நிறைய நீட்டினாள். தனக்கும் ஒரு குவளை மொண்டுகொண்டாள்.

அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அந்தப் பெண்ணின் உதட்டருகே போன குவளையின் வாயை உள்ளங்கையால் மூடினார்.