மாமா எங்களைக் கோவாக்காரர் ஆக்கிய வாரம்

செசிலி அக்கா, உன்னைப் பற்றித்தான் எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு ஜெபப் புத்தகத்தை வைத்து எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தவள் நீ. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். நீ போய் இன்னும் முப்பதாம் நாள் பூசைகூட ஆகவில்லை. உன் தலையணை உறையைத் துவைக்க அம்மா கேட்டாள். நான் கொடுக்கவில்லை.

அவளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது நாங்கள் பம்பாயில், செம்பூரில், தேவ்நார் போகிற ரோட்டை ஒட்டிய தகர வீட்டு வரிசையில் இருந்தோம். தாராவியாக இருந்தால் சுற்றிலும் நம் ஆட்கள் இருந்திருப்பார்கள். இங்கே மராட்டிக்காரர்களுக்கும் கோவாக்காரர்களுக்கும் நடுவில் தமிழ் பேசுகிற வீடு இரண்டுதான். ஒன்று எங்களுடையது. இன்னொன்று, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த திருநெல்வேலி மதினியுடையது. அப்பா கப்பலில் இருந்தார். அம்மாவின் தம்பியான மாமா ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு இருந்தார். அம்மா காலையில் இட்லி அவித்து வாசலில் விற்பாள். அக்காவுக்குப் பதினெட்டு வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பாள். எனக்கு எட்டு.

அறுபதுகளின் கடைசி அது. தென்னாட்டுக்காரன் வந்து வேலையைப் பிடுங்குகிறான் என்று பேச்சு கிளம்பியிருந்தது. நம் எல்லோருக்கும் ஒரே பெயர்தான், மதராசி. மாதுங்காவில் கண்ணாடியை உடைத்தான், தாதரில் ஒருவரை அடித்தான் என்று மாமா தினமும் ஒரு சேதி கொண்டுவருவார். ஒரு நாள் சேதியோடு ஒரு யோசனையும் கொண்டுவந்தார்.

எங்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் பாதிப் பேருக்குப் பெயருக்குப் பின்னால் பர்னாந்து உண்டு. எங்களுக்கும் உண்டு. கோவாக்காரர்கள் அதையே பெர்னாண்டிஸ் என்பார்கள். மாமா ஒரு தகரத்தை வெட்டி, நீல பெயிண்டில் இங்கிலீஷில் பெர்னாண்டிஸ் என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிலுவையும் போட்டு வாசலில் தொங்கவிட்டார். சிலுவை நன்றாகவே வந்திருந்தது.

"இன்னையிலேர்ந்து நாம கோவாக்காரங்க. வாசலுக்கு வெளிய ஒருத்தரும் தமிழ்ல இருமக்கூடப்படாது" என்றார். அம்மாவைக் கவுன் போடச் சொன்னார்.

"ஏலே, பேரன் எடுக்கப்போற வயசுல என்னைய முழங்கால் தெரிய கவுன் மாட்டச் சொல்லுதியா? ஒன் மச்சான் லீவுல வந்தாருன்னா, வீடு மாறி வந்துட்டம்னு திரும்பிப் போயிருவாரு" என்றாள் அம்மா.

கவுன் தப்பித்தது. இட்லி தப்பிக்கவில்லை. இட்லி வியாபாரம் கூடாது, ஆட்டுரல் சத்தமும் கூடாது என்று உத்தரவு. ஊறவைத்த அரிசியை வீணாக்க மனமில்லாத அம்மா, உரலுக்கு அடியில் சாக்கைப் போட்டுத் திருட்டுத்தனமாக ஆட்டினாள். எனக்கு எல்லாம் ஒரே குஷி. தலையில் ரிப்பன் கட்டிக்கொண்டு, தெருக் குழாயடியில் யாராவது கேட்டால் 'பெர்னாண்டிஸ்' என்று சொல்லக் காத்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

அக்கா மட்டும் முறைத்துக்கொண்டே இருந்தாள்.

"மாமா, ஞாயித்துக்கிழம பிள்ளையளுக்கு எட்டாம் கட்டள சொல்லிக்குடுக்கணும். பொய் சொல்லாதன்னு நான் சொல்லுவேன். எங்க வீட்டு வாசல்லயே ஒண்ணு தொங்குதே, அத என்ன செய்ய?"

"கோவாக்காரனும் வேதக்காரன், நாமளும் வேதக்காரன். ஏசுவ மறுதலிக்கவா சொன்னேன்? வேணும்னா ஞாயித்துக்கிழம மட்டும் பலகையத் திருப்பி வச்சிருதேன்."

"ஏசுவே சத்தியம்னுதான் படிச்சிருக்கோம். சத்தியத்த விட்டுட்டு அவரமட்டும் எப்படி மாமா தனியா வச்சிக்கிடுவிய?"

"ஒன்ன கன்னியாஸ்திரி மடத்துல சேத்திருக்கணும். இங்க கூட்டிட்டு வந்தது எங்க தப்பு" என்றார் மாமா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருக்கு அக்கா என்றால் உயிர்.

பக்கத்து வீட்டு மதினி பச்ச உடம்புக்காரி. பெண் பிள்ளை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவள் புருஷனுக்கு அம்பர்நாத்தில் கம்பெனி வேலை. ரயிலில் வர பயந்து அங்கேயே தங்கிவிட்டார். அக்கா பின்வாசல் வழியாகப் போய் அவளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வருவாள். "அங்க போயிட்டு வந்தா நாமளும் மாட்டிக்கிடுவோம். அவ நெத்தியில பொட்டு, வாசல்ல கோலம்" என்று மாமா தடுத்தார். மறுநாள் மதினி வாசலில் கோலம் இல்லை. அக்காதான் அழித்தாளோ, மதினியே போடவில்லையோ, தெரியாது.

அவர்கள் வந்தது ஒரு சாயங்காலம். பத்துப் பதினைந்து பையன்கள், கையில் கம்பு. வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மாமா தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்து ஜெபமாலையை வெளியே எடுத்துவிட்டு வாசலில் போய் நின்றார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றோம்.

"கௌன் ஹை தும் லோக்?" யார் நீங்கள் என்று இந்தியில் கேட்டார்கள்.

"கோவா கா ஹை, பாய். கிரிஸ்டியன்." ஒரு வாரமாகப் பழகியது அழகாக வந்தது.

முன்னால் நின்றவன் பலகையைப் பார்த்தான், சிலுவையைப் பார்த்தான், தலையாட்டினான். அவ்வளவுதான், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அவன் போகவில்லை. இன்னொன்று கேட்டான்.

"தோ மதராசி கிதர் ஹை? போல்." அப்படியானால் மதராசி எந்த வீடு, சொல் என்றான்.

மாமாவுடைய வலது கை இடுப்பிலிருந்து மெதுவாக எழும்பியது.

அதற்குள் அக்கா அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். "மதராசி ஹம் ஹை" என்றாள். மதராசி நாங்கள்தான். தெருவே கேட்கிற சத்தம். அதோடு நிறுத்தாமல், நாங்கள் தமிழ் பேசுகிற கத்தோலிக்கர்கள், இந்தப் பலகை பொய் என்று அதையும் இந்தியில் சொன்னாள்.

அப்புறம் என்ன, உடைத்தார்கள். உரலைப் புரட்டினார்கள், மாவுச் சட்டியை உதைத்தார்கள். ஒருத்தன் பலகையைப் பிடுங்கி வீசினான், தகர முனை அக்காவின் புருவத்தைக் கிழித்தது. அவள் வாசற்படியை விட்டு நகரவேயில்லை. ரோட்டில் போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஓடிவிட்டார்கள்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி மவளே, ஒரு வார்த்த வாய மூடிக்கிட்டு இருந்தா ஒன் மொகமும் தப்பிச்சிருக்கும், மாவும் தப்பிச்சிருக்குமே!"

"ஏசுவத் தெரியாதுன்னு சொல்லிட்டு பேதுரு மாதிரி நெருப்புல குளிர் காஞ்சிக்கிட்டு நிக்க எனக்கு முடியாதும்மா" என்றாள் அக்கா. ரத்தத்தைத் தாவணியால் அழுத்திக்கொண்டிருந்தாள். "மாவ நாளைக்கி ஆட்டிக்கிடலாம்."

எனக்குக் கோபம் பொங்கியது. ஞானோபதேசப் பெருமையில் இவள் வீட்டைக் கெடுத்துவிட்டாள் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். வாய் ஓயாத மாமாவோ அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து மாவை வழித்து அள்ளிக்கொண்டே இருந்தார். பலகை போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் மஞ்சள் காமாலையில் அக்கா போய்விட்டாள். அடக்கத்துக்கு அந்தத் திருநெல்வேலி மதினியும் வந்திருந்தாள். கூடவே, அன்றைக்குப் பச்சைக் குழந்தையாக இருந்த மகள். ஒன்பது பத்து வயது, ரெட்டைச் சடை. மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று மாமாவிடம் போய்க் கேட்டாள். மாமா அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னார்:

"அன்னைக்கி என் கை எந்தப் பக்கம் போச்சுன்னு ஒங்க அக்கா பாத்துட்டா பிள்ள. இத்தன வருசத்துல ஒரு நாள்கூட அத என்கிட்ட கேக்கல."

நானும்தான் அந்தக் கையைப் பார்த்தேன். மாமா சிலுவை போட்டுக்கொள்ளப் போகிறார் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பொய் எங்களோடு நிற்காது, அடுத்த வீட்டைக் காட்டச் சொல்லும் என்பது எட்டு வயதில் எனக்கு எட்டவில்லை. இப்போது தெரிகிறது. வேலை கேட்டுப் போகிற இடங்களில் என்ன ஊர், என்ன சாமி என்று கேட்கிறார்கள். உள்ளதைச் சொல்கிறேன். சில வேலை கிடைக்காமல் போயிற்று, போகட்டும்.

இதை வாசிக்கிறவர்கள் எந்தக் கோயிலாக இருந்தாலும் சரி, என் அக்கா செசிலிக்கு ஆண்டவர் நித்திய இளைப்பாற்றியைத் தரும்படி ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள். மாமாவுக்காகவும் ஒன்று சொல்லுங்கள். அக்கா இருந்திருந்தால் அவருக்கானதைத்தான் முதலில் சொல்லச் சொல்லியிருப்பாள்.