வியாழக்கிழமை விமானம்

மாத்தளையில் இந்த நினைவு மலரை அச்சிடும் இடத்தில், எழுத வராதவர்களுக்கென்று ஒரு மாதிரிக் கட்டுரை வைத்திருக்கிறார்கள். ‘ஆறாத் துயரில் எம்மை ஆழ்த்திவிட்டு’ என்று தொடங்குகிறது. பெயரையும் ஊரையும் நிரப்பிக் கொடுத்தால் போதுமாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எங்கள் அண்ணன் இரண்டு கோட்டுக்கு நடுவில் நிரப்பிக் கொடுக்கிற ஆளா? தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டுக் காம்பராவில் பிறந்து ஏரோப்ளேன் ஓட்டிய மனுஷன் ஐயா! அழுவதற்கு ஒரு வருடம் இருந்தது, அழுது தீர்த்துவிட்டோம். இன்று அவருடைய முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்து இந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய ஒரே தங்கை நான் சந்தோஷமாகத்தான் எழுதப் போகிறேன்.

எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எங்கள் அண்ணன் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் வேலை செய்தார். அம்மா கொழுந்து பறித்தார். அண்ணனுக்குப் பதினாறு வயதாகும்போது அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்து வந்த கலவரத்தில் மாத்தளை டவுனுக்குப் படிக்கப் போக வழியில்லாமல் மாதக்கணக்கில் வீட்டோடு கிடந்தார். அந்த மாதங்களில் அட்டை கிழிந்த இங்கிலீஷ் அகராதி ஒன்றை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்தார். ‘எச்’ எழுத்து வரைக்கும் வந்தபோது பஸ் ஓடத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு வரும் எழுத்துகளில் தமக்குக் கொஞ்சம் சந்தேகம்தான் என்று கடைசி வரையில் சொல்லிச் சிரிப்பார்.

கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானை விமான நிலையத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்தது. இரண்டே இரண்டு விமானங்கள் வைத்திருந்த கம்பெனி அது. ஆள் ஏற்றுவதில்லை, சாமான் மட்டும். அண்ணன் பெட்டி சுமந்தார். பிறகு மெக்கானிக்குகளோடு சேர்ந்து எண்ணெயில் குளித்தார். ஒவ்வொரு சோதனையாக எழுதிப் பாஸ் பண்ணினார். இதற்கிடையில் கல்யாணமும் நடந்தது. அண்ணியின் தகப்பனார் தம்முடைய மிளகுத் தோட்டத்தை விற்று மருமகனை விமானப் பயிற்சிக்கு அனுப்பினார். ஒரு நாள் கடிதம் வந்தது. ‘அம்மா, இனிமேல் நான் ஏற்றுகிறவன் இல்லை, ஓட்டுகிறவன்.’ அம்மா என்னை அதை நான்கு தரம் வாசிக்கச் சொன்னார். ஐந்தாவது தரம் லயமே கூடி நின்று கேட்டது!

அண்ணன் ஏற்றிப் போன சாமான்களைக் கேளுங்கள்: பத்திரிகைக் கட்டு, மருந்துப் பெட்டி, முட்டையிலிருந்து வந்து ஒரு நாளேயான கோழிக்குஞ்சுகள். ஆயிரக்கணக்கான குஞ்சுகள் பெட்டிக்குள் கீச்சுக்கீச்சென்று கத்துமாம். விமானம் தரையை விட்டுக் கிளம்பும் அந்த நிமிஷத்தில் மட்டும் எல்லாம் ஒன்றாக வாயை மூடிக்கொள்ளுமாம். திரும்பி வரும்போது ஐஸ் போட்ட இறால். லீவில் வந்தால் அவருடைய சட்டை அந்த வாசத்தோடுதான் வரும். “நீ ஏரோப்ளேன் ஓட்டுறியா, மீன் விக்கிறியாடா தம்பி?” என்று அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்பார்.

இனி வேட்டிக் கதைக்கு வருகிறேன். இதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன்.

வியாழக்கிழமைகளில் திருகோணமலைக்குப் பறப்பதாக அண்ணன் எழுதியிருந்தார். எங்கள் மலைக்கு மேலே வியாழன்தோறும் காலை பத்து மணிக்கு ஒரு விமானம் போகும். வேறென்ன வேண்டும்? அது அண்ணன்தான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். ஆனால் மேலேயிருந்து பார்த்தால் எல்லாத் தோட்டமும் ஒரே பச்சை. பிள்ளைக்கு எது நம் லயமென்று எப்படித் தெரியும்? அப்பாவின் வெள்ளை வேட்டியை எடுத்துப்போய் லயத்துக்குக் கீழே தேயிலைச் செடிகள் மேல் விரித்தார். அடுத்த வாரம் பக்கத்து வீட்டாரும் ஒன்று கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் எட்டு வேட்டிகள்! “கொழுந்தப் பாருங்க, வானத்தப் பாக்காதீங்க!” என்று கத்துகிற கங்காணியே, சத்தம் கேட்டதும் தொப்பியைக் கழற்றி ஆட்டுவார்.

அண்ணன் லீவில் வந்தபோது அம்மா வாசலிலேயே மறித்தார். “வேட்டி தெரிஞ்சதா சாமி?”

அண்ணன் ஒரு நிமிஷம் முழித்தார். என்னைப் பார்த்தார். பிறகு, “தெரிஞ்சுச்சும்மா. நல்லா தெரிஞ்சுச்சு” என்றார்.

அது யுத்த காலம். தமிழ் விமானி என்றால் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இரண்டு தரம் பார்த்த காலம். அப்படிப்பட்ட காலத்தில் வாராவாரம் ஒரே நேரத்தில் மலைச்சரிவில் எட்டு வெள்ளைத் துணி விரித்து ஐம்பது பேர் நின்று கையசைத்தால் என்ன நடக்கும்? எங்களில் ஒருத்தருக்காவது அது தோன்ற வேண்டாமா? தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை. பத்து மணிக்குப் போனது பாதுகாப்புப் படையின் விமானம். அதை ஓட்டியவர் தோட்டத்திலிருந்து யாரோ சைகை காட்டுகிறார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஜீப்பில் பொலிஸ் வந்தது. அம்மா கொஞ்சமும் பயப்படவில்லை. “எம் மகனுக்குத்தான் விரிக்கிறோம். வாரா வாரம் பாக்குறாரு. அவரே சொன்னாரே!” என்று பெருமையாகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று அதைச் சிங்களத்தில் சொல்லிக் கொடுத்தேன், மடச்சி.

இரத்மலானையில் அண்ணனைக் கேட்டபோது, எந்தத் துணியையும் கண்டதில்லை என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். தாய் ஒன்று சொல்கிறாள், மகன் வேறொன்று சொல்கிறான். அன்றைக்கே அவருடைய பறப்பை நிறுத்திவிட்டார்கள். லைசன்ஸ் போகும், ஆளையே உள்ளே போட்டாலும் போடுவார்கள் என்று பேச்சு. அத்தனை வருட உழைப்பும் எட்டு வேட்டியில் வந்து தொங்கியது. மூன்றாவது வாரம் எங்கள் எல்லாரையும் விசாரணைக்கு மாத்தளைக்கு வரச் சொன்னார்கள். வாசலில் அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, அது என் ப்ளேனே இல்ல. நான் போறது மேக்கால, கலேவெலப் பக்கமா. நம்ம மலைய ஒரு நாளும் மேலேர்ந்து பாத்ததில்ல. அம்மா மொகத்தப் பாத்ததும் பொய் வந்துருச்சு. இப்ப அவங்க முன்னுக்கு எப்பிடிச் சொல்றது?”

“சிங்களத்துல சொல்லுங்கண்ணே. அம்மாவுக்கு நாந்தானே சொல்லணும்” என்றேன்.

உள்ளே போனோம். இன்ஸ்பெக்டரின் மேசைக்கு முன் அம்மா விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அண்ணனோடு பறக்கும் சிங்களக் கப்டனும் பறப்புப் பதிவுப் புத்தகங்களை ஒரு பையில் கட்டிக்கொண்டு கொழும்பிலிருந்து வந்திருந்தார். அண்ணன் நின்றபடியே சிங்களத்தில் சொன்னார்: “சேர், நான் பறக்கும் பாதை இந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த விமானம் என்னுடையதல்ல. நான் அம்மாவிடம் பொய் சொன்னேன். தண்டனை கொடுப்பதென்றால் அதற்குக் கொடுங்கள். ஆனால் அது பொய்யென்று அவருக்குச் சொல்லாதீர்கள்.” கப்டன் புத்தகத்தைத் திறந்து வியாழன் வியாழனாக விரல் வைத்துக் காட்டினார்.

அம்மா என் முந்தானையை இழுத்தார். “என்னாடி சொல்றான்?”

இன்ஸ்பெக்டர் என்னையே பார்த்தார். “மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்” என்று சிங்களத்தில் சொன்னார்.

“அண்ணன் ரொம்ப நல்லா ஓட்டுறாராம்மா. கப்டன் புத்தகத்துல எழுதி வச்சிருக்காராம்” என்றேன்.

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது! எனக்கு உயிரே போய்விட்டது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துத் தமிழிலேயே பேசினார். “அம்மா, மகன் நல்ல மகன். பிரச்சினை இல்லை. ஆனா வேட்டி இனிமே வீட்டு முன்னுக்கு மட்டும் காயப் போடுங்க. கை ஆட்டுறது பரவாயில்லை.” அடுத்த வாரமே அண்ணன் மறுபடியும் பறந்தார்.

அதோடு முடியவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பாடம் நடக்கிறது. மேற்கிலிருந்து ஒரு இரைச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால், சின்ன விமானம் ஒன்று வயிற்றில் எழுதியிருப்பது தெரியுமளவு தாழ்வாக வருகிறது! எங்கள் லயத்துக்கு நேர் மேலே வந்து இடமும் வலமும் இரண்டு தரம் சிறகை ஆட்டியது. கலேவெலப் பக்கம் மழை மேகம் என்று கப்டன் பாதையை மாற்றினாராம். மேகம் எவ்வளவு பெரிது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. “அண்ணே! அண்ணே!” என்று டீச்சர் குதிக்க, பிள்ளைகளும் சேர்ந்து குதித்தார்கள். செருப்பைக்கூடப் போடாமல் மலைக்கு ஓடினேன். அம்மா குனிந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, பாத்தீங்களா? பாத்தீங்களா?”

“எத? அந்த ஏரோப்ளேனையா? அது நம்ம தம்பி இல்லடி. நம்ம தம்பி வியாழக்கெழம பத்து மணிக்குல்ல வரும்.”

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். விழுங்கிக்கொண்டேன். மாசக் கடைசியில் அண்ணன் கண்ணெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா தொடங்கிவிட்டார்: “தம்பி, போன வாரம் எவனோ ஒரு கிறுக்கன் தலைக்கு மேல வந்து ஆட்டு ஆட்டுன்னு ஆட்டிட்டுப் போனான். கோழியெல்லாம் செதறி ஓடிருச்சு. நீ அப்பிடியெல்லாம் ஓட்டக் கூடாது, என்னா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். “ஓட்ட மாட்டேம்மா” என்றார்.

அம்மா மூன்று வருடத்துக்கு முன்பு, இதெல்லாம் தெரியாமலேயே கண்ணை மூடினார். அண்ணனுக்குப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் பேச முடியாமல் இருந்தபோதும், “அந்தக் கிறுக்கன் கதையச் சொல்லு” என்று கையால் கேட்பார். சொல்வேன். ஒவ்வொரு தரமும் சிரித்தார். கடைசி நாளும் சிரித்தார்.

அவரைத் தாங்கிப் பிடித்த அண்ணிக்கும் அண்ணியின் தகப்பனாருக்கும், கண்டியில் கவனித்த டாக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், தமிழ் தெரிந்தும் என் பொய்யைக் காட்டிக்கொடுக்காத இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கும், புத்தகம் கட்டிக்கொண்டு வந்த, பிறகு அண்ணனின் கடைசிப் பெட்டிக்கும் தோள் கொடுத்த கப்டனுக்கும், எங்கள் லயத்துச் சொந்தங்களுக்கும் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி. யுத்தம் முடிந்துவிட்டதால் இன்று எட்டு வேட்டிகளையும் மறுபடியும் விரிக்கப் போவதாக லயத்தார் சொல்லியிருக்கிறார்கள். வரும் வழியில் பார்த்திருப்பீர்கள்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அந்த வியாழக்கிழமை விமானத்தை ஓட்டியவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. எங்களைப் பற்றி எழுதிக் கொடுத்தவரும் அவர்தான், அதில் கோபமில்லை. ஐயா, வேட்டியை எடுத்த பிறகும் எங்கள் அம்மா சாகும் வரையில் வியாழக்கிழமை பத்து மணிக்கு உங்களைப் பார்த்துத்தான் கையசைத்தார். அது அண்ணனுக்குச் சேர வேண்டியது. இப்போது அம்மாவும் அண்ணனும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், அவர்களே பேசிக்கொள்வார்கள். நீங்கள் வாங்கிய கையசைப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.