எல்லாப் பெட்டியும் மின்ன வேண்டும் என்றவர்

கோவிந்தராஜன் அண்ணன் போய்விட்டார் என்று அவர் ஊரான கல்லங்குறிச்சியிலிருந்து போன் வந்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நெஞ்சு வலிக்கிறது என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் போங்கள் என்றால், "வாயுதாம்மா, இஞ்சி தின்னா போயிடும்" என்பார். சொன்ன பேச்சை என்றைக்குக் கேட்டார் மனுஷன்?

அரியலூரில் எங்கள் சிமென்ட் ஆலையில் அவர் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர். நான் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ள பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வரும் கான்ட்ராக்ட் ஆள். "கேக்காம எதையும் மாட்டாதீங்கண்ணே" என்று சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். "சரிம்மா" என்பார். அந்தச் 'சரிம்மா'வின் லட்சணம் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கே தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜை. கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிகளையெல்லாம் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தார். நான் பழகிப் பார்க்க வைத்திருந்த பழைய ஸ்விட்ச் ஒன்று அலமாரியில் கிடந்தது. "பூஜை அன்னிக்கு எல்லாப் பெட்டியும் மின்னணும், இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு" என்று அதற்கும் பொட்டு வைத்து, மற்றவற்றோடு கேபிளும் மாட்டிவிட்டார். நான் அப்போது பொரி வாங்கப் போயிருந்தேன்.

அந்தப் பெட்டிகளுக்கு ஒரு குணம். எடைமேடைக்கு ஒரு பிரிவு, கணக்குக்கு ஒரு பிரிவு என்று நாம் போட்டுவைக்கும் பட்டியலை, ஒரே குழுப்பெயர் உள்ள பெட்டிகள் தாமாகவே பகிர்ந்துகொள்ளும். வாங்கும்போதே அப்படித்தான் வருகிறது. பட்டியலை மாற்ற மாற்ற அதன் எண் ஏறும். எண் பெரிதாக உள்ள பெட்டி சொல்வதே எடுபடும். நான் பழகிய பெட்டிக்கும் அதே குழுப்பெயர்தான்; பட்டியலை நூறு தரம் போட்டுப் போட்டு அழித்த பெட்டி அது. எண் பெரிது, பட்டியல் காலி. மாட்டியதும் ஆலை முழுவதும் அந்தக் காலிப் பட்டியலை வாங்கிக்கொண்டது.

எடைமேடை நின்றது. வாழைக்கன்று கட்டிய லாரிகள் ரோடு வரை நின்றன. மேனேஜர் என்னைத்தான் பிடித்தார். "நாளைலேர்ந்து நீ வர வேணாம்மா" என்றார். என் சம்பளத்தை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை வைத்தார்கள்.

அண்ணன் நடுவில் வந்து நின்றார். "நாந்தாங்க மாட்டுனேன். அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு, நாந்தான் கேக்கல. எது குடுக்கறதா இருந்தாலும் எனக்குக் குடுங்க." மெமோ அவருக்குப் போயிற்று. பிரிவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட எனக்கு மாலையாகிவிட்டது. பக்கத்திலேயே உட்கார்ந்து என் பொரியைத் தின்றுகொண்டு, "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று உயிரை எடுத்தார்.

அடுத்த பூஜைக்கு வெட்கமே இல்லாமல் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இப்ப மாட்டலாமாம்மா?" என்றார். மற்றவற்றோடு சேராமல் விளக்கு மட்டும் மின்னட்டும் என்று ஒரு கேபிளின் இரண்டு முனைகளையும் அந்தப் பெட்டியிலேயே செருகிக் கொடுத்தேன். விளக்கு எரிந்தது. சற்று நேரம் பார்த்துவிட்டு, "யாரோடயும் சேக்காம தனியா வச்சுட்டியே" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்தப் பெட்டி இப்போது என் மேஜையில் இருக்கிறது. குங்குமத்தை நான் துடைக்கவில்லை. பழைய பட்டியலையும் எண்ணையும் மட்டும் நேற்று அழித்துவிட்டேன். இனி மற்றவை சொல்வதை அது கேட்டுக்கொள்ளும். வருகிற பூஜைக்கு எல்லாவற்றோடும் சேர்த்தே மாட்டப்போகிறேன், அண்ணே. மாட்டலாமா என்று கேட்க நீங்கள் இருந்திருந்தால், இந்தத் தடவை நான் 'சரிண்ணே' என்றிருப்பேன்.