அந்த இருக்கையில் செல்வா

ரூபினி இதைச் சொன்னபோது சிரித்தவர்கள் உண்டு. அவள் சிரிக்கவில்லை. போன மார்ச் மாதம், பட்டப்பகலில், மலேசியாவின் மூவாரில் ஒரு மேசை நாற்காலித் தொழிற்சாலையில் அவள் கண்முன்னே நடந்தது இது.

அங்கே பலகை அறுக்கும் பெரிய ரம்பத்தைக் கணினிதான் இயக்கும். யார் இயக்குகிறார்கள் என்று திரையில் பெயர் வரவேண்டும் என்றார் முதலாளி. அதற்கு சி மொழியில் ஒரு நிரல் எழுதத்தான் ஜொகூர் பாருவிலிருந்து ரூபினி வந்திருந்தாள். சாப்பாட்டு நேரம். உள்ளே அவளும் மேற்பார்வையாளர் காளிதாசும் மட்டும்.

தன் பெயரில் உள்நுழைந்தாள். 'கெட்லாகின்' என்ற கட்டளையை எழுதினாள். இந்த இருக்கையில் உள்நுழைந்திருப்பது யார் என்று அது சொல்லும். ஓட்டிப் பார்த்தாள்.

செல்வா.

எங்கோ தப்பு. வேறு வழியில் கேட்டாள். இந்த நிரல் யார் கணக்கில் ஓடுகிறது?

ரூபினி.

சரிதான். அப்படியானால், இந்த இருக்கையில்?

செல்வா...

"சார், செல்வா யாரு?"

காளிதாஸ் கையிலிருந்த தே ஆய்ஸ், ஐஸ் போட்ட தேநீர், தரையில் கொட்டியது.

"அந்தப் பேரே இதுல இல்லமா. நான்தான் அழிச்சேன்."

தேடினாள். உண்மைதான். கணினியில் செல்வா என்று யாருமே இல்லை.

"அலமாக்... நீ எதையும் தொடாத. மெயின் சுவிட்ச ஆப் பண்ணிடறேன்."

சுவிட்ச் ரம்பத்துக்குப் பின்னால், சுவரில். ரம்பத்தின் மேல் எட்டிக் குனிந்தார்.

டக்.

ரூபினியின் கைகள் மடியில் இருந்தன.

டக்... டக்...

விசைப்பலகையின் விசைகள் தாமாக அமிழ்ந்தன.

ர்ர்ர்ர்...

"ஆப் பண்ணு! ஆப் பண்ணுமா!"

ரம்பத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தாள். நிற்கவில்லை. மறுபடி அடித்தாள்.

அலறல்.

பிறகு ரம்பம் தானாக நின்றது.

திரையில் ஒரே ஒரு பெயர்.

காளிதாஸ்.

அன்று மாலை மருத்துவமனையில் அவர் இறந்தார். விசாரிக்க வந்தவர்கள் திரையைப் பார்த்தார்கள். அவரே இயக்கிக்கொண்டார் என்று முடித்துவிட்டார்கள். ரூபினி சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தேன்மொழி என்ற பெண் அவளைத் தேடி வந்தாள். செல்வாவின் மனைவி.

"என் வீட்டுக்காரரு ரம்பத்துக்குள்ள கைய விட்டுத் தூசி தொடைச்சிக்கிட்டு இருந்தாரு. திடீர்னு ஓடிருச்சு. அங்கேயே உயிர் போயிருச்சு. கம்ப்யூட்டர் அவரு பேர்ல இருந்திச்சாம். அதனால அவரே ஓட்டிக்கிட்டாருன்னு கேஸ மூடிட்டாங்க."

ரூபினி கேட்டாள்.

"அப்ப பக்கத்துல யாருமே இல்லையா?"

தேன்மொழி அவளையே பார்த்தாள்.

"இருந்தாங்க. கம்ப்யூட்டர் சீட்ல காளிதாஸ்."