மஞ்சள் பொட்டு வைத்த நட்டு

ஸ்டீபனும் அவர் அண்ணன் அன்புராஜும் கவரைப்பேட்டையில் ஒரே ஷெட்டில் இருபது வருஷம் வேலை பார்த்தார்கள். அண்ணனுக்கு பிரேக், தம்பிக்கு எஞ்சின். முறுக்கிய நட்டின் தலையில் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பார்கள். அண்ணன் மஞ்சள், தம்பி வெள்ளை. ஒருவர் பொட்டு வைத்ததை மற்றவர் தொடக் கூடாது. டீக்குக்கூட சண்டை போடுகிற இரண்டு பேரும் இந்தச் சட்டத்தை மட்டும் மீறியதில்லை.

போன ஜனவரியில் அன்புராஜ் மாரடைப்பில் போய்விட்டார். அவர் மனைவி மெர்சி, அவருடைய பழைய அம்பாசிடரில் அண்டாக்களை ஏற்றிக்கொண்டு தேர்வாய் கண்டிகை கம்பெனி ஆட்களுக்குச் சோறு விற்கக் கிளம்பினார். அத்தனை பாரத்துக்குப் பழைய பிரேக் தாங்காது என்று முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாட்டிக் கொடுத்தார் ஸ்டீபன்.

அன்றிலிருந்து பிரேக் மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. டயரில் காற்று பார்த்தார், பிரேக் பேடைத் தேய்த்தார், சக்கர அலைன்மென்ட் பார்த்தார். கடைசியில் பிரேக் ஆயிலைத் திறந்துவிட்டால் இடப்பக்கம் பீய்ச்சி அடித்தது, வலப்பக்கம் சொட்டியது. ஆயில் போகிற வலப்பக்க ரப்பர் ஹோஸ் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்கு அப்போதே தெரியும். டிஸ்க் மாட்டும்போது இடப்பக்க ஹோஸைப் புதுசாகப் போட்ட ஸ்டீபன், வலப்பக்கம் மட்டும் பழசையே விட்டுவைத்திருந்தார். அதன் மேல்முனை நட்டில் மஞ்சள் பொட்டு. மற்றதெல்லாம் கழன்றுபோய், வண்டியில் மிஞ்சியிருந்த ஒரே மஞ்சள் பொட்டு அதுதான். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

மறுநாள் மெர்சி வண்டியோடு ஷெட்டுக்கு வந்து நின்றார். புடவையெல்லாம் சாம்பார், தோளில் ஈரத்துணி.

"லாரி குறுக்க வந்துச்சுன்னு பிரேக் புடிச்சேன் ஸ்டீபா. வண்டி பள்ளத்துல எறங்கிடுச்சு. அண்டா கவுந்து தோளு வெந்துபோச்சு. உன்ன நம்பித்தான ஓட்டிக்கினு கீறேன்?"

ஸ்டீபன் வலப்பக்கச் சக்கரத்தருகே குனிந்தார். விரலால் பொட்டைக் காட்டினார். "அண்ணன் முறுக்குனது, அண்ணி. அதான் தொடல."

மெர்சி குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்டி இழுக்குற வண்டில என்ன ஏற உட்ருப்பாரா அவரு? கழட்டு."

ஸ்பேனர் திரும்பியதும் பொட்டு பொரிந்து உதிர்ந்தது. ஹோஸை வெட்டிப் பார்த்தார். வெளியே நன்றாகத்தான் இருந்தது. உள்ளே ஊசி நுழைய இடமில்லை.

புதுசு மாட்டி, நெடுஞ்சாலை ஓரமாக ஓட்டி மிதித்தார். வண்டி நேராக நின்றது. ஸ்டீயரிங்கில் தலை கவிழ்த்து, அண்ணன் அடக்கத்தன்றுகூட அழாத அழுகையை அழுதார்.

திரும்பி வந்ததும் மெர்சிதான் கேட்டார், "இன்னா, பொட்டு வெக்கலியா?"

வெள்ளையை வைத்தார். அந்த வண்டியில் அன்புராஜ் முறுக்கிய நட்டு இனி ஒன்றும் இல்லை.