ஒரு சொடுக்கு கூடுதல்

எல்லோரும் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஊசி போடத் தெரியாது, மருந்து எழுதத் தெரியாது. அவள் வைத்தியம் பார்த்ததெல்லாம் கிராபிக்ஸ் கார்டுகளுக்கு. கணினியில் படம் காட்டுவதற்கென்று செய்த பொருள்தான் அது. அதையே வரிசையாக ஆறு, எட்டு என்று மாட்டி, ஓயாமல் கணக்குப் போட வைத்து, கிரிப்டோ காசு சம்பாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். காசு கண்ணுக்குத் தெரியாது. மின்கட்டணம் மட்டும் விழி பிதுங்க வைக்கும். அதனால் வோல்டேஜைக் குறைத்து, மெமரி வேகத்தைக் கூட்டி, கார்டு கரண்டைக் கொஞ்சமாகக் குடித்துவிட்டு வேலையை நிறையச் செய்யும்படி பதம் பார்த்து வைக்க வேண்டும். அந்தப் பதம்தான் அவள் பிழைப்பு.

ஒரே தொழிற்சாலையில் ஒன்றாகப் பிறந்த கார்டுகளுக்குக்கூடக் குணம் வேறு வேறு. ஒன்று எவ்வளவு விரட்டினாலும் ஓடும். இன்னொன்று ஒரு சொடுக்கு கூட்டினாலே முரண்டு பிடித்து நின்றுவிடும். கூட இருக்கிற அத்தனையையும் நிறுத்திவிடும். அவள் தன் அறையில் இருந்தபடியே, எங்கோ இருக்கும், கார்டுகள் மாட்டிய பெட்டியை இணையம் வழியாகப் பிடித்துச் சரிசெய்வாள். வேலை எவ்வளவு சுத்தமோ, அவ்வளவு சீக்கிரம் கூப்பிட்ட ஆள் காணாமல் போவார். முன்பு வேலை பார்த்த ரிப்பேர் கடையை மூடிவிட்டார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கடையில் ரொட்டி கேட்கப் போனால் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் வாய் திறக்க வேண்டியிருக்கும், அவ்வளவு நேரம் பேசாமலே இருந்திருப்பாள்.

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் மட்டும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். மனைவி இல்லாத வீட்டில், பின்னறையில் ஆறு கார்டு ஓட்டுகிறவர்.

"டாக்டரம்மா, உன் அஞ்சாவது பிள்ளை மறுபடி மயக்கம் போட்டுட்டான்."

"சூடு எவ்வளவு காட்டுச்சு?"

"அவன் சூட்டை மட்டும் கேளு. எனக்கு முதுகு வலி, அதைக் கேக்க நாதியில்ல."

"சரி, முதுகு எப்படியிருக்கு?"

"அப்படிக் கேளு! பட்டனை அமுக்கினேன், எல்லாம் எழுந்துடுச்சு, என் முதுகுதான் எழும்பல. நீ சாப்பிட்டியா?"

"ம்."

"என்னத்த? நேத்து வெச்சதுதானே?"

அவள் சிரிப்பாள். அவர் பேச்சுக்குப் பின்னால் விசிறிகள் இரைந்துகொண்டே இருக்கும்.

முதல் தடவை அந்த ஐந்தாவது கார்டு நின்றது உண்மையான கோளாறு. சரிசெய்தாள். அப்புறம் அவரிடமிருந்து பேச்சு மூச்சே இல்லை. பிறகு மென்பொருளை மாற்ற வேண்டி அவர் கூப்பிட்டபோது, அந்தக் கார்டின் மெமரியை அது தாங்குகிற அளவுக்கு மேலே ஒரு சொடுக்கு ஏற்றினாள். கை தவறி இல்லை. அது சில நாளைக்கு ஒரு முறை நிற்கும், அவர் கூப்பிடுவார் என்று நன்றாகத் தெரிந்தேதான் ஏற்றினாள். கெட்ட காரியம்தான், வேறு பெயர் வைக்க முடியாது. ஆனால் அவள் கெட்டவள் இல்லை.

ஒருநாள் டிரைவர் வழக்கமான வேடிக்கையை விட்டுவிட்டார்.

"மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கும்மா. பொண்ணு."

"அட! எப்பக் கிளம்புறீங்க?"

"எங்க கிளம்புறது? இவன் எப்ப நிப்பான்னே தெரியலையே. நின்னா அமுக்கிவிட இங்க யாரு? ஓடினாத்தான் பென்ஷன்ல கை வைக்காம மாசம் ஓடும். ஏற்கெனவே ஒரு தடவை பயணத்தைத் தள்ளிப் போட்டாச்சு. 'உனக்குப் பேத்தி முக்கியமா, பெட்டி முக்கியமா'ன்னு மக கேக்குறா."

அவள் அவர் பெட்டியைத் திரையில் திறந்தாள்.

"எனக்காக இன்னும் ஒரு தடவை பாரேன்" என்றார் அவர்.

"இருங்க, பாக்குறேன்."

ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. வேகத்தைக் குறைத்தாள், வோல்டேஜை ஒரு பொட்டு கூட்டினாள், முடிந்தது. ஆனாலும், "பாத்துக்கிட்டே இருக்கேன், பேசுங்க" என்று சொல்லி அவரைப் பேசவிட்டாள். குழந்தைக்கு யார் மூக்கு, யார் நிறம், பெயர் வைப்பதில் மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என்ன சண்டை என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் சொன்னாள்.

"சரியாயிடுச்சு. டிக்கெட் போடுங்க."

"நெஜமாவா?"

"இனிமே நிக்காது."

"அடிப்பாவி, இதை முன்னாடியே செஞ்சிருக்கக் கூடாதா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது. "முன்னாடி தோணலைங்க" என்றாள்.

டிரைவர் ஊருக்குப் போனார். அவள் தன் திரையில் அவர் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தாள். கார்டுக்கு ஒன்றாக ஆறு வரியும் பச்சை. ஒன்றாவது சிவப்பாகாதா என்று மனசு ஏங்கும், அந்த ஏக்கத்தின் மேலேயே அவளுக்குக் கோபம் வரும், திரையை மூடுவாள், மறுபடி திறப்பாள். பேத்தியின் படம் ஒன்று வந்தது. துணிச்சுருளுக்குள் முகம் மட்டும். அதற்குப் பிறகு எதுவுமில்லை.

வெகுநாள் கழித்து அவரிடமிருந்து ஒரு செய்தி. "வீட்டுக்கு வந்துட்டேன். எல்லாம் ஜோரா ஓடுது. இனிமே உனக்குத் தொந்தரவே இல்ல."

தொந்தரவு இல்லையாம். அவள் அறைக்குள் நடந்தாள், விரித்திருந்த போர்வையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு ஒன்றும் யோசிக்காமல் போனை எடுத்தாள். இத்தனை காலத்தில் அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"என்னம்மா, எதாவது கோளாறா?" அவர் குரலில் பதற்றம்.

"இல்லங்க."

"பின்ன?"

"சும்மாதான்."

"சும்மாவா?"

அவருக்கு அது பிடிபடவில்லை. அவளுக்கும் அடுத்து என்ன பேசுவதென்று தெரியவில்லை. கார்டைப் பற்றிக் கேட்கலாமென்றால், அதுதான் நன்றாக ஓடுகிறதே. விசிறிகள் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தன. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.